சோபாவும் மஞ்சள் நாடாவும்

அந்தத் தெருவைப் போல ஒரு சுத்தமான தெரு அந்த ஊரிலேயே கிடையாது. சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல, நகராட்சியே சொல்லி, தெருமுனையில் பலகை நட்டு வைத்திருந்தது. "நமது பெருமை, நமது தூய்மைத் தெரு" என்று பச்சை எழுத்து. பலகையின் காலடியில் எப்போதும் கொஞ்சம் குப்பை கிடக்கும். பலகையின் முகம் தெருவைப் பார்த்து இருந்ததால் அதற்கு விஷயம் தெரியாது. நகராட்சிக்கும் தெரியாது.

இந்தத் தெருவின் நடுவில்தான் தையலக்காவின் கடை. அவளுக்கு வேறு பெயர் ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததோடு சரி, அப்புறம் அதை யாரும் உபயோகிக்கவில்லை. தெருவில் சின்னவர்களுக்கும் அக்கா, பெரியவர்களுக்கும் அக்கா. அவளைப் பெற்ற அம்மாவே ஒரு தடவை வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு தையல் மெஷின், ஆள் உயரக் கண்ணாடி, துணி வெட்டும் மேஜை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு கதவு. அந்த வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் யூனிஃபார்ம் வேலை முதல்முறையாக அவள் கைக்கு வந்திருந்தது. தலைமையாசிரியை ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அளவெடுத்துத் தைத்து முடித்துவிட வேண்டும். இழுத்தடித்தால் வேலை பெரிய கடைக்குப் போய்விடும்.

"இனிமே நம்ம கடைய பட்டன் அறுந்தா மட்டும் தேடி வர்ற கடைன்னு எவனும் சொல்ல முடியாதுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்தால், வாசலில் சோபா.

ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். ஒரு பக்கத்துக் காலைக் காணோம். நடுவில் ஸ்பிரிங் ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. கதவை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்த சொந்தக்காரர் மாதிரி உரிமையோடு உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். பாரம் அவருக்குப் புதிதல்ல. "ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சா வேன்ல ஏத்திரலாம், குப்பைக் கிடங்குல போட்டுட்டு வந்துடறேன்" என்று சட்டைக் கையை மடித்தார்.

"அய்யய்யோ, கைய வைக்காதீங்கண்ணே!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள் தெருக் கூட்டுகிற அம்மா. "புது ரூல் தெரியாதா? குப்பைய யாரு தொடுறாங்களோ, குப்பை அவங்களோடதுதான். தொட்டீங்கன்னா கடைக்கு சீல் வச்சிட்டுப் போயிருவாங்க."

"போட்டவன விட்டுட்டு எங்களுக்கு எதுக்கு சீல்?"

"போட்டவன எங்க போய் தேடுறது? தொட்டவன்தான் கண்ணு முன்னாடி நிக்கிறான்."

நியாயம்தான். நகராட்சி இதை வெகுநாள் யோசித்துக் கண்டுபிடித்திருந்தது.

"அப்ப நீயே எடுத்துரும்மா" என்றாள் தையலக்கா.

"நானா? எனக்கு தரை மட்டும்தான்க்கா. முழங்காலுக்கு மேல உயரமா இருந்தா அது பெரும்பொருள் பிரிவு. நாங்க குனியுற பிரிவு, அவங்க நிமிர்ந்து நிக்கிற பிரிவு." சொல்லிவிட்டு அவள் சோபாவைச் சுற்றி அழகாகக் கூட்டினாள். அதன் அடியில் கூட்டவில்லை. அடியில் இருப்பது யார் பிரிவு என்று இன்னும் தீர்மானமாகவில்லையாம்.

வேறு வழி? தையலக்கா நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

சுகாதாரப் பிரிவு அறை கண்ணாடி மாதிரி இருந்தது. மூலையில் பளபளவென்று ஒரு குப்பைத் தொட்டி, அதன் மேல் "மாதிரித் தொட்டி. உபயோகிக்காதீர்" என்று எழுதி ஒட்டியிருந்தது. கையில் கசங்கிய பஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அவள் முழித்தாள். கடைசியில் அதைக் கைப்பையிலேயே திணித்துக்கொண்டாள். அதிகாரி அதைப் பார்த்துப் பாராட்டும் விதமாகத் தலையசைத்தார். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"சொல்லும்மா, என்ன சமாச்சாரம்?"

சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் வாடிப்போனது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? உன் தெரு எவ்வளவு சுத்தமா இருந்துச்சு!"

"ஆமா சார், நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ கொண்டாந்து போட்டுட்டு..."

"நேத்து வரைக்கும் இல்லம்மா. நீ இங்க வந்து வாயத் தொறக்கற வரைக்கும். சுத்தம்னா என்ன? புகார் இல்லாம இருக்கறது. எங்ககிட்ட வர்றது புகார்தானே, குப்பை எங்க வருது? குப்பை போடறவன் தெருவ அசிங்கப்படுத்தறான், புகார் கொடுக்கறவன் நகராட்சிய அசிங்கப்படுத்தறான். ரெண்டுல எது பெரிய அசிங்கம், நீயே சொல்லு."

தையலக்காவுக்குத் தப்பு செய்துவிட்டோமோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"கோவத்துல சொல்லல, தங்கச்சி மாதிரி நெனச்சு சொல்றேன். சரி, அந்த சோபால உக்கார முடியுமா?"

"ஸ்பிரிங் குத்தும் சார்."

"குத்தினாலும் உக்காரலாமில்ல? அப்ப அது இருக்கை. பூங்காப் பிரிவுக்குப் போகணும். படுத்தா எப்படி?"

"சார், என் கடைக்கு கதவு தொறக்கணும் சார். பிள்ளைங்க அளவு கொடுக்க வர்றாங்க."

"ஆள் அனுப்பறேன், தைரியமா போ" என்றார் அவர். போகும்போது அந்தப் பஸ் டிக்கெட்டைத் தெருவில் போட்டுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

சொன்ன சொல் தவறவில்லை, அன்று மத்தியானமே மேஸ்திரி வந்துவிட்டார். தெருக் கூட்டுகிறவர்களுக்கெல்லாம் மேலே நின்று வேலை வாங்குகிறவர் அவர். தோளில் பெரிய மஞ்சள் நாடாச் சுருளை மாட்டிக்கொண்டு ஜம்மென்று வந்தார். நாடா முழுக்க "தூய்மைப் பணி நடைபெறுகிறது, தொடாதீர்" என்று அச்சடித்திருந்தது. மூன்று மூலையில் கம்பு நட்டு, சோபாவைச் சுற்றிச் சுற்றி, கை வலிக்க வலிக்கக் கட்டினார். நாலாவது கம்பு இல்லாததால் மிச்ச முனையைக் கடைக் கதவின் கைப்பிடியில் இழுத்து முடிந்தார். கால்வாசி திறந்துகொண்டிருந்த கதவு இப்போது ஓர் இடுக்கு அளவுக்குத்தான் திறந்தது.

"இனிமே இது குப்பை இல்லம்மா. ஆய்வுல இருக்கற பொருள். நாடா கட்டினத யாரும் தொடக்கூடாது. நான் தொடக்கூடாது, நகராட்சித் தலைவரே வந்தாலும் தொடக்கூடாது."

"சரிங்க சார். எப்ப எடுப்பீங்க?"

"எடுக்கறதா?" மேஸ்திரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதான் கட்டியாச்சே. கட்டினா எங்க வேலை முடிஞ்சுது."

"அப்ப யாரு அவுப்பாங்க?"

"நாங்க கட்டற பிரிவு. அவுக்கற பிரிவு இன்னும் ஆரம்பிக்கல."

அன்று சாயங்காலம் முதல் பிள்ளை அளவு கொடுக்க வந்தது. இடுக்கு வழியாகப் பிள்ளை நுழைந்துவிட்டது, அம்மா நுழையவில்லை. அம்மா வெளியே நின்று "இடுப்புல கொஞ்சம் லூசா வைங்கக்கா, இது தின்னுக்கிட்டே இருக்கும்" என்று கத்த, உள்ளே பிள்ளை அழ, தையலக்கா ஜன்னலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். அடுத்து வந்த பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. அதை ஜன்னல் வழியாகத் தூக்கி இறக்க வேண்டியதாயிற்று. விஷயம் பள்ளிக்கூடம் வரை போய், தலைமையாசிரியை போன் செய்தார்.

"என்னம்மா, எங்க பிள்ளைங்கள ஜன்னல் வழியா ஏத்தி இறக்கிட்டிருக்கீங்களாமே? யாராவது விழுந்து வச்சா நான் பதில் சொல்லணும். சீக்கிரம் கதவத் தொறங்க. இல்லைன்னா, தப்பா நெனச்சுக்காதீங்க, நான் வேற கடையப் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள் தையலக்கா. பட்டன் தைத்தே இந்த ஜென்மம் போய்விடும்போல இருந்தது. அழுகை வந்தது. அழுதாள்.

அடுத்த நாள் பெரும்பொருள் பிரிவின் லாரி வந்தபோது தெருவே திரண்டது. அடேயப்பா, என்ன பளபளப்பு! முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். டிரைவர் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு துணியை எடுத்து லாரியின் பக்கவாட்டைத் துடைத்தார். அப்புறம் சோபாவைப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"இத எப்படிங்க ஏத்தறது? ஒரே அழுக்கா இருக்கே."

"அழுக்கா இருக்கறதாலதானே எடுக்கச் சொல்றோம்!" என்றார் வீட்டுக்காரர்.

"இந்த லாரி தூய்மையான வண்டின்னு பரிசு வாங்கினதுண்ணே. குப்பைய ஏத்தினா பரிசத் திருப்பிக் கேப்பாங்க."

"குப்பை ஏத்தத்தானய்யா லாரி வாங்கினாங்க?"

"வாங்கினப்ப அப்படித்தான். பரிசு வாங்கினப்புறம் யாருக்கு மனசு வரும்?" டிரைவர் லாரியைப் பாசத்தோடு தட்டிக்கொடுத்துவிட்டு, தெருப் புழுதி படாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் தலைவரே நேரில் வந்தார். தையலக்காவின் கண்ணீரைக் கேள்விப்பட்டு வரவில்லை. மேலிடத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் தூய்மைப் பரிசுக்காகத் தெருவைப் பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டு வந்தார். சோபாவைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இத எடுக்க முடியாதா?"

"நாடா கட்டியிருக்குங்கய்யா" என்றார் மேஸ்திரி, கையைக் கட்டிக்கொண்டு.

"ஓ, கட்டியாச்சா? அப்ப ஒண்ணும் செய்ய முடியாதுதான்." தலைவர் சட்டத்தை மதிக்கிறவர். கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். "எடுக்க முடியலைன்னா என்னய்யா, மறைப்போம்! எடுத்தா என்ன, மறைச்சா என்ன, பாக்கறவன் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பெரிய திரை ஒண்ணு கட்டி, அதுல சுத்தமான தெரு மாதிரி படம் வரஞ்சிரு. ஆமா, அவ்வளவு பெரிய துணிய யாரு தச்சுக் குடுப்பா?"

எல்லோருடைய கண்ணும் ஒரே சமயத்தில் தையல் கடைப் பலகை மேல் போய் நின்றது.

"என் கடைய மூடற திரைய நானே தைக்கணுமா?" என்றாள் தையலக்கா.

"ஒரு நாள் கூத்துதாம்மா! பரிசு கைக்கு வந்த மறுநாளே இங்க இருக்கறதெல்லாத்தையும் எடுத்துடுவோம். இது என் வாக்கு."

அந்த வாக்கை நம்பித்தான் தைத்தாள். மெஷினுக்கு அடங்காத துணி, அறை முழுக்க அலையலையாகக் கிடந்தது. ஓரம் மடித்து, வளையம் வைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் முடித்துக் கொடுத்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு அரைகுறையாகச் செய்ய வராது. ஓவியர் வந்து அதில் ஒரு வெள்ளைச் சுவர், இரண்டு மரம், மரத்தில் ஒரு குருவி வரைந்தார். திரையைக் கட்டியதும் சோபாவும் கடையும் சேர்ந்து மறைந்து போயின.

ஆய்வு நாளும் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் தையலக்கா திரைக்குப் பின்னால் ஜன்னல் வழியாகப் பிள்ளைகளை இறக்கி அளவெடுத்துக்கொண்டுதான் இருந்தாள். வெளியே தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! என் காலத்தில் இந்த ஊரில் ஒரு துடைப்பம்கூடத் தேய்ந்ததில்லை. வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஒரு குப்பைத் தொட்டிகூட நிறைந்ததில்லை. நமது குப்பைக் கிடங்கைப் போய்ப் பாருங்கள், அங்கே ஒரு துரும்பு கிடையாது! அந்தக் கிடங்குக்கும் தூய்மைப் பரிசு வாங்கியிருக்கிறோம். சுத்தமான ஊருக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?"

ஆய்வாளர் நெகிழ்ந்துபோய் திரைக்கு நேராக வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து மரத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, கையத் தூக்கவா?"

ஆய்வாளர் ஓரடி பின்னால் போனார். தலைவருக்கு வேர்த்தது. ஆனால் சும்மாவா தலைவரானார்?

"உயிரோட்டமான தெருங்கய்யா" என்றார்.

"குருவியெல்லாம் வந்து உக்காருது போல?"

"சுத்தமான காத்துக்கு வருதுங்க. காலையிலேருந்து அசையாம அங்கேயேதான் உக்காந்திருக்கு."

ஆய்வாளர் குருவி பறந்துவிடாமல் அடிமேல் அடி வைத்துப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். தெருவுக்குப் பரிசு கிடைத்தது. கை தட்டினார்கள். திரைக்குப் பின்னால் தையலக்காவும் சேர்ந்து தட்டினாள், நாளைக்கு எடுத்துவிடுவார்களே.

தலைவர் வாக்குத் தவறாதவர். மறுநாள் காலையில் திரையை அவிழ்த்து அடுத்த ஆய்வுக்காக வேறு எங்கோ கொண்டுபோனார்கள். பின்னாலேயே லாரி வந்தது. மேஸ்திரி கையில் ஆய்வாளர் எடுத்த படத்தோடு இறங்கினார். தையலக்காவுக்கு அவரைக் கும்பிடலாம்போல இருந்தது.

"பரிசு வாங்கின தெரு இனிமே படத்துல இருக்கற மாதிரியே இருக்கணும்னு உத்தரவும்மா. படத்துல இல்லாதத எல்லாம் எடுக்கப் போறோம்."

"எடுங்க சார், நல்லா எடுங்க! முதல்ல இந்த சோபாவ எடுங்க."

"சோபாவ எப்படிம்மா எடுக்கறது? நாடா கட்டியிருக்கே." மேஸ்திரி படத்தை அவளிடம் நீட்டினார். "இங்க பாரு. இந்த எடத்துல சுவரு, மரம், குருவி. கடை எங்க இருக்கு? மெஷினு, கண்ணாடி, மேஜை, பலகை எல்லாம் ஏத்தணும். கதவ இழுத்துப் பூட்டி சுவரு மாதிரி வெள்ளை அடிச்சிருவோம்."

"லாரில அழுக்கு ஏத்த மாட்டோம்னீங்களே!" என்றாள் தையலக்கா.

"உங்க கடைல அழுக்கே இல்லையேக்கா" என்றார் டிரைவர் மனமார. "இவ்வளவு சுத்தமான சாமான ஏத்தறதுன்னா லாரிக்கே மரியாதை."

"டீ குடிச்சிட்டு வந்து ஆரம்பிக்கறோம். துணிமணிய மட்டும் எடுத்துக்கோ, பாவம்" என்று மேஸ்திரி பரிவோடு சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார்.

வீட்டுக்காரர் கொதித்தார். "வாசல்ல படுத்துக்கறேன், என் மேல லாரிய ஏத்தட்டும் பாக்கலாம்!"

"படுத்தீங்கன்னா முழங்காலுக்குக் கீழ வந்துருவீங்க, கூட்டற அம்மாவ விட்டுக் கூட்டிருவாங்க" என்றாள் தையலக்கா. சொல்லிக்கொண்டே நாடாவைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். கடையைப் பார்த்தாள். வயிறு எரிந்த எரிச்சலில் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்தது. உள்ளே போய்ப் பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

"ஏம்மா, தொடாதன்னு போட்டிருக்கு!" என்றார் வீட்டுக்காரர்.

"குப்பையத் தொட்டாத்தாங்க குப்பை நம்மளுது. நாடா குப்பையா என்ன? நகராட்சி சொத்து. கம்பப் புடுங்குங்க, சோபா மேல மட்டும் கை படாம பாத்துக்கோங்க."

முடிச்சு முடிச்சாக வெட்டி, சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். ஜன்னல் கொக்கியில் தொடங்கி, பலகைக்கு மேலாக இழுத்து, கதவுக்கு அந்தப் பக்கம் கம்பு நட்டு இறக்கி, கடையின் முகப்பு முழுக்க விறைப்பாகக் கட்டினாள். மேஸ்திரி கட்டியதைவிட அழகாகவே கட்டினாள், எழுத்து ஓரிடத்தில்கூடத் தலைகீழாகவில்லை. கதவுக்கு நேராக மட்டும் ஆள் குனிந்து போகும் உயரத்துக்கு நாடாவைத் தூக்கி வைத்தாள். மேஸ்திரி தாராளமாகச் சுற்றியிருந்ததால் நிறைய மிஞ்சியது. மிச்சத் துணியைத் தூக்கிப் போடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. சுருட்டி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

டீ குடித்துவிட்டு வந்த மேஸ்திரி நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"இத யாரு கட்டினது?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? நாடா கட்ற அதிகாரம் உங்களத் தவிர வேற யாருக்கு இருக்கு?" என்றாள் தையலக்கா.

மேஸ்திரி வாயைத் திறந்தார். நான் கட்டவில்லை என்று சொன்னால், தன் தெருவில் கண்டவர்கள் நாடா கட்டுகிறார்கள் என்று ஆகும். அதை மேலே சொன்னால் அது புகார். புகார் வந்தால் தெரு அழுக்காகிவிடும், பரிசு போய்விடும். மேஸ்திரி வாயை மூடினார்.

"ஆமா, நான்தான் கட்டினேன்" என்றார் கம்பீரமாக. "ஆய்வுல இருக்கற கடை. யாரும் தொடக்கூடாது."

"நானும் அதத்தான் சார் சொல்றேன். இந்த சோபா படத்துல இருக்கா பாருங்க."

பார்த்தார். படத்தைத் திருப்பியும் பார்த்தார். இல்லை. சோபாவைச் சுற்றி இப்போது நாடாவும் இல்லை.

அந்த அழுக்கு தன் வண்டியில் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் லாரி டிரைவர் கண் கலங்கிவிட்டார். தையலக்கா மனமிரங்கி, லாரியில் விரிக்க ஒரு பழைய துணி கொடுத்தாள். சோபாவைத் தூக்கும்போது அந்த ஸ்பிரிங் மேஸ்திரியின் சட்டைப் பையில் மாட்டி டர்ரென்று கிழித்தது. "கொண்டாங்க சார், தச்சுத் தர்றேன்" என்றாள் தையலக்கா. தைத்தும் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே கதவு முழுசாகத் திறந்தது. பிள்ளைகள் நாடாவுக்கு அடியில் ஓடி ஓடி வந்தன, அம்மாக்கள் குனிந்து வந்தார்கள். தலைமையாசிரியையும் ஒரு நாள் குனிந்து வந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். பள்ளிக்கூடம் திறந்த அன்று எல்லாப் பிள்ளைகளும் தையலக்கா தைத்த யூனிஃபார்மில் போயின. நாடா மட்டும் கடையைச் சுற்றி அப்படியே இருந்தது. அவிழ்க்கிற பிரிவு இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில், அடுத்த தெரு முடிவெட்டுகிறவர் கையில் சீப்போடு வாசலில் வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, என் கடை வாசல்ல ஒரு சோபா கெடக்குதுக்கா. செவப்பு கலரு, ஒரு கால் இல்ல. ரெண்டு தெரு தள்ளி கண்ணாடிக் கடை வாசல்ல இருந்துச்சாம், அதுக்கு முன்னாடி ஒரு மருந்துக் கடையாம். குப்பைக் கிடங்குக்குத்தான் மொதல்ல கொண்டு போனாங்களாம். கிடங்கு பரிசு வாங்கினது, உள்ள விடமாட்டோம்னுட்டாங்களாம். நகராட்சில போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரலாம்னு..."

தையலக்கா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"சோபாவத் தொட்டீங்களா?"

"இல்லக்கா."

"புகார் கிகார் ஏதாவது?"

"இன்னும் இல்லக்கா."

"நல்ல காரியம் பண்ணீங்க." இழுப்பறையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த மஞ்சள் நாடாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். "சோபா கெடக்கட்டும். ஓடிப் போய் முதல்ல உங்க கடையச் சுத்திக் கட்டுங்க."